விளிம்பில் ஒரு பெயர்



பிரிட்டிஷ் படைப் பொருள்களைச் சேர்ப்பது பற்றியும் இனம் காண்பது பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடல் போன்ற தலைப்பு. பதக்கம், தொப்பிச் சின்னம், பொத்தான், இடைவார், வாள், பயோனெட், தகர டப்பா என்று சொல்லிக்கொண்டே போகலாம். ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் மனத்தில் நிற்காது. ஆகவே என் சட்டைப்பையில் இருக்கும் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

இதோ, ஒரு வெள்ளி வட்டம். குறுக்களவு 36 மில்லிமீட்டர். நம் தாத்தா காலத்து வெள்ளி ரூபாயைவிடச் சற்றுப் பெரிது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மறுபக்கம் உடையில்லாத ஒரு வீரன் குதிரைமேல் போகிறான். குளம்படியில் பகைவரின் கழுகுக் கேடயமும் ஒரு மண்டையோடும் கிடக்கின்றன. 1914, 1918 என்று இரண்டு ஆண்டுகள். முதல் உலகப் போரில் பணி செய்தவர்களுக்குப் பிரிட்டன் கொடுத்த போர்ப் பதக்கம் இது. வெள்ளியில் மட்டும் ஏறத்தாழ 65 லட்சம் அடித்தார்கள்.

இதைக் கையில் கொடுத்தால் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? மன்னரின் முகத்தைப் பார்க்கிறார்கள். திருப்பிக் குதிரையைப் பார்க்கிறார்கள். "எவ்வளவு போகும்?" என்று கேட்கிறார்கள். மன்னர் முகம் 65 லட்சத்துக்கும் ஒன்றுதான். குதிரையும் ஒன்றுதான். அப்படியானால் இந்தப் பதக்கத்துக்கு மட்டும் உரியது எங்கே இருக்கிறது? விளிம்பில் இருக்கிறது! விளிம்பைப் பாருங்கள். அந்த மெல்லிய ஓரத்தில், ஊசிக்கண் அளவு எழுத்தில், ஓர் எண், ஒரு பதவி, ஒரு பெயர், ஒரு படைப்பிரிவு. கையெழுத்துப் போடத் தெரியாத கூலிக்காரன் மகனாக இருந்தாலும் அவன் பெயரை உலோகத்தில் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். விற்பவர் வாயைப் பார்க்காதீர்கள், விளிம்பைப் பாருங்கள்.

இந்த வெள்ளிப் பதக்கம் தனியாகப் பிறந்தது அன்று. வெண்கலத்தில் ஒரு நட்சத்திரம், இந்த வெள்ளி, சிறகு முளைத்த வெற்றித் தேவதை நிற்கும் வெண்கல வெற்றிப் பதக்கம் என்று மூன்றாகவே பலருக்கும் வந்தன. அந்தக் காலத்து டெய்லி மிரர் பத்திரிகையில் பிப், ஸ்குவீக், வில்ஃப்ரெட் என்று ஒரு நாய், ஒரு பெங்குவின், ஒரு முயல் வரும் சித்திரத் தொடர் ஓடியது. ஜனங்கள் இந்த மூன்று பதக்கங்களுக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்றும் சேகரிப்பாளர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஒரு விதி நினைவில் இருக்கட்டும்: நட்சத்திரம் வாங்கியவனுக்கு மற்ற இரண்டும் கட்டாயம் உண்டு. ஒற்றை நட்சத்திரம் உங்கள் கைக்கு வந்தால், அதன் இரண்டு உடன்பிறப்புகள் எங்கோ பிரிந்து கிடக்கின்றன என்று அர்த்தம்.

ஏன் பிரிந்தன? வறுமையால் சில பிரிந்தன, பாகப் பிரிவினையால் சில. 1980 ஜனவரியில் உலகச் சந்தையில் வெள்ளி விலை எகிறியது. அமெரிக்காவின் ஹண்ட் சகோதரர்கள் வெள்ளியை வாங்கிக் குவித்ததன் விளைவு அது. பிரிட்டனில் அந்த நாள்களில் பதக்கமாகக் கிடைப்பதைவிட வெறும் வெள்ளியாக அதிகம் கிடைத்தது. உருக்கிவிட்டார்கள்! எத்தனையோ பெயர்கள் மூசையில் கரைந்து போயின. வெண்கலத்துக்கு விலையில்லாததால் வெற்றிப் பதக்கங்கள் தப்பின. இன்று ஒற்றை வெற்றிப் பதக்கங்கள் இத்தனை அலைவதற்கு அதுவும் ஒரு காரணம். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்ந்தது? பாட்டனார் பதக்கம் அரைஞாண் கொடியாகவும் கொலுசாகவும் மாறிய வீடுகள் நம்மிடையே இல்லையா?

சரி, விளிம்பை எப்படிப் படிப்பது? முதலில், நட்சத்திரத்துக்கு விளிம்பு கிடையாது. பெயர் அதன் வெறுமையான முதுகில் இருக்கும். வட்டப் பதக்கங்கள் இரண்டிலும் ஓரத்தில் இருக்கும். அடுத்தது, பலரை ஏமாற்றும் ஒரு சங்கதி. ஒரே ஆளின் மூன்று பதக்கங்களில் நட்சத்திரத்தில் சாதாரணச் சிப்பாய் என்றும் மற்ற இரண்டில் சார்ஜெண்ட் என்றும் இருக்கும். புதியவர் "ஐயோ, போலி!" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். போலி இல்லை. போர்முனைக்குள் நுழைந்தபோது இருந்த பதவி நட்சத்திரத்தில் ஏறும். பிறகு எட்டிய உயர்ந்த பதவி மற்ற இரண்டிலும் ஏறும். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் ஒரு மனிதன் நான்கு வருஷம் உயிரோடு இருந்து மேலே வந்திருக்கிறான். இன்னொன்று, சார்ஜெண்ட் என்பதை அக்காலத்துப் படை எழுத்தர்கள் எஸ், ஜே, டி என்று சுருக்கினார்கள். நடுவில் ஜே வருவது பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அதுவே முறை. அதிகாரிகளின் பதக்கத்திலோ எண்ணே இராது. வெள்ளியிலும் வெற்றிப் பதக்கத்திலும் பெரும்பாலும் படைப்பிரிவும் இராது.

இனி கள்ளத்தனத்துக்கு வருவோம். உண்மையான எழுத்துகள் அச்சால் அடித்து இறக்கியவை. ஒரே உயரம், ஒரே ஆழம். ஒரு விளிம்பில் கையால் செதுக்கிய சாய்வெழுத்து தென்பட்டால் உஷாராகுங்கள். மலிவான பெயரை அரத்தால் ராவி எடுத்துவிட்டு, புகழ்பெற்ற போரில் இருந்த ஒருவன் பெயரைப் போடும் ஆள்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். ராவினால் உலோகம் குறையும். வெர்னியர் காலிபரை எடுத்து இரண்டு மூன்று இடங்களில் குறுக்களவு பாருங்கள். 36 இருக்க வேண்டிய இடத்தில் முடியளவு குறைந்தாலும் அந்த இடத்தில் அரம் பேசியிருக்கிறது என்று பொருள். நகைக்கடையில் உரைகல் இல்லாமல் தங்கம் வாங்குவோமா?

இரண்டாம் உலகப் போருக்கு வந்தால் இந்த வழி அடைபட்டுப் போகிறது. பர்மா நட்சத்திரம், ஆப்பிரிக்கா நட்சத்திரம், இத்தாலி நட்சத்திரம் என்று வரிசையாகக் கொடுத்த பிரிட்டன், தன் வீரர்களுக்கு அவற்றில் பெயர் போடவில்லை. ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் போட்டன. பிரிட்டன் மொட்டையாக ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் தபாலில் அனுப்பியது. ஆகவே அந்தப் பதக்கங்களை வாங்கும்போது பெட்டியும் அதன்மேல் எழுதிய முகவரியும் உள்ளே வைத்த துண்டுச்சீட்டும் சேர்ந்து வந்தால்தான் ஓர் ஆளோடு அதைப் பொருத்த முடியும். காகிதத்தைக் குப்பையில் போட்டு உலோகத்தை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் கையில் இருப்பது வெறும் உலோகம்தான்.

நண்பர்களே, மீண்டும் என் வெள்ளி வட்டத்துக்கு வருகிறேன். இதே பதக்கம், இதே மன்னர், இதே குதிரை, ஆனால் வெண்கலத்தில் ஒன்று உண்டு. ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் அடித்தார்கள். யாருக்கு? மூட்டை தூக்கியவர்களுக்கு, ரயில் பாதை போட்டவர்களுக்கு, பதுங்குகுழி வெட்டியவர்களுக்கு. சீனா, மால்டா, இந்தியா முதலான இடங்களிலிருந்து திரட்டிய தொழிலாளர் படைகளுக்கு. அதே போர், அதே குளிர், அதே குண்டு. சுட்டவனுக்கு வெள்ளி, சுமந்தவனுக்கு வெண்கலம்! பேரரசு தன் மனத்தில் இருந்ததைத் தன் உலோகத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. "வெள்ளைக்காரன் பதக்கத்தை நீர் ஏன் பொறுக்குகிறீர்?" என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். இதற்குமேல் விளக்கம் சொல்வதில்லை. ஒரு வேடிக்கையும் உண்டு. குறைவாக அடித்ததால் அந்த வெண்கலம் இன்று வெள்ளியைவிட அதிக விலைக்குப் போகிறது.

நம் மண்ணோடு ஒட்டிய விளிம்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். "2, க்யூ.வி.ஓ., சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்" என்று சுருக்கமாக அடித்த பதக்கங்கள் அவ்வப்போது கடைகளில் தலைகாட்டும். விற்பவருக்கு அது எது என்று தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைதான் அது! 1903 சீர்திருத்தத்தில் மெட்ராஸ் என்ற சொல் அந்தப் படையின் பெயரிலிருந்து போனது. 1911-இல் அது விக்டோரியா ராணியின் பெயர் தாங்கிய இரண்டாம் சாப்பர்ஸ் ஆனது. 1923-இல்தான் மெட்ராஸ் திரும்பி வந்தது. ஆக, முதல் உலகப் போர்ப் பதக்கத்தில் மெட்ராஸ் என்று தேடினால் கிடைக்காது, இந்தச் சுருக்கத்தைத் தேட வேண்டும். படையில் அவர்களுக்கு இன்றைக்கும் வழங்கும் செல்லப்பெயர் என்ன தெரியுமா? "தம்பி." நம் தம்பிகளின் பெயர்கள் அந்த விளிம்புகளில் இருக்கின்றன, எழுத்தர் காதுக்கு எட்டிய எழுத்துக்கூட்டலில்.

இனி தொப்பிச் சின்னம். பேட்ஜ் என்று சொன்னால்தான் கடைக்காரருக்குப் புரியும். இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு பழைய சாமான் கடையில் பீரங்கிப்படையின் பேட்ஜ் ஒன்றைப் பார்த்தேன். பித்தளையில் ஒரு பீரங்கி, மேலே கிரீடம். "சார், 1915, கல்லிப்போலி. அந்த வீட்டுப் பேரனே கொண்டுவந்து கொடுத்தான்" என்றார் கடைக்காரர். கதை நன்றாக இருந்தது. பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன். வெல்வெட் விரித்து, வருகிறவர்களுக்கெல்லாம் கல்லிப்போலிக் கதை சொன்னேன். ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். கையில்கூட எடுக்கவில்லை. "கிரீடத்தைப் பார்த்தாயா தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

கிரீடத்தில் என்ன இருக்கிறது? காலமே அதில்தான் இருக்கிறது! 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்கள் காலத்துக் கிரீடத்தின் வளைவுகள் கவிழ்த்த கிண்ணம் போல உருண்டு இருக்கும். எலிசபெத் ராணி வந்த பிறகு வேறு கிரீடம், அதன் வளைவுகள் உச்சியில் நடுவே பள்ளமாக இறங்கும். என் கல்லிப்போலி பேட்ஜில் பள்ளம் இருந்தது. கல்லிப்போலிச் சண்டை முடிந்து முப்பத்தாறு வருஷத்துக்கு அப்புறம் வந்த கிரீடம்! அந்தப் பேரன் கதையைக் கடைக்காரர் சொன்னார், நான் கேட்டேன். பேட்ஜும் தன் கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான்தான் கேட்கவில்லை. விக்டோரியா ராணி காலத்துக் கிரீடமும் நடுவில் இறங்கியே இருக்கும், ஆகவே அதையும் எலிசபெத் கிரீடத்தையும் குழப்பிக்கொள்ளாமல் பார்க்கக் கண் பழக வேண்டும். இப்போது சார்ல்ஸ் மன்னர் மறுபடியும் உருண்ட கிரீடத்துக்கே போய்விட்டார். இன்னும் ஐம்பது வருஷம் கழித்து நம் பேரப்பிள்ளைகள் படப்போகும் பாட்டை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

பேட்ஜின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். முகத்தில் மேடாக இருப்பது முதுகில் பள்ளமாகத் தெளிவாக விழுந்திருக்க வேண்டும். மணல்மணலாக, குழம்பிப்போய் இருந்தால் அது வார்ப்பு. பழைய அச்சையே தூசி தட்டிப் புதிதாக அடித்தவையும் சந்தையில் ஏராளம். அச்சு உண்மை, அடித்த காலம் பொய். இவற்றைப் பிடிப்பதுதான் கடினம், எனக்கே இன்னும் தடுமாற்றம் உண்டு. பிளாஸ்டிக் பேட்ஜைப் பார்த்து யாரும் சிரித்துவிட வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் உலோகத்தை மிச்சப்படுத்த அரசே பிளாஸ்டிக்கில் செய்து கொடுத்தது. பொத்தான்களுக்கு ஒரு குறிப்பு மட்டும். 1881-இல் சில்டர்ஸ் சீர்திருத்தம் வந்து காலாட்படைப் பிரிவுகளின் எண்கள் போய் மாவட்டப் பெயர்கள் வந்தன. காலாட்படைப் பொத்தானில் வெறும் எண் இருந்தால் அநேகமாக அதற்கு முந்தியது.

பயோனெட்டில் வேறொரு வேடிக்கை. லீ என்ஃபீல்டு துப்பாக்கிக்கான நீண்ட கத்தியில் கிரீடமும் 1907 என்ற எண்ணும் அடித்திருக்கும். "1907-இல் செய்தது" என்று சத்தியம் செய்வார்கள். அது வடிவமைப்பு ஏற்கப்பட்ட ஆண்டு. செய்த மாதமும் வருஷமும் அதற்குக் கீழே சின்னதாக இருக்கும். மறுபக்கத்தில் மூன்று கோடாகக் கோழிக்கால் போல ஒரு குறி தெரிந்தால், அரசுச் சொத்து என்பதற்கான அம்புக்குறி அது. வெடிகுண்டு, பீரங்கிக் குண்டு என்று எது கிடைத்தாலும் தொடாதீர்கள், காவல்துறைக்குச் சொல்லுங்கள். அதில் சேகரிப்பு ஆர்வம் வேண்டாம்.

என் மனத்துக்கு நெருக்கமான பொருள் ஒரு பித்தளை டப்பா. ஐந்து அங்குல நீளம். 1914 கிறிஸ்துமஸுக்கு, பதினேழு வயது இளவரசி மேரியின் பெயரில் நிதி திரட்டிப் படையினருக்கு அனுப்பியது. மூடியில் இளவரசியின் பக்கவாட்டு முகம், இருபுறமும் எம் என்ற எழுத்து, சுற்றிலும் பிரான்ஸ், ரஷ்யா, ஜப்பான், பெல்ஜியம் என்று நேச நாடுகளின் பெயர்கள். அந்தக் கிறிஸ்துமஸுக்குள் நான்கு லட்சத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தன. உள்ளே என்ன? புகைப்பவருக்கு ஓர் அவுன்ஸ் புகையிலை, இருபது சிகரெட், ஒரு பைப். புகைக்காதவருக்கு மிட்டாய், எழுதும் தாள், தோட்டா வடிவில் ஒரு பென்சில். சீக்கியருக்குக் கற்கண்டும் ஒரு டப்பா மசாலாவும். தண்ணீர் சுமந்த பிஸ்திகளுக்கு மசாலா டப்பா மட்டும். பிரான்ஸ் பனியில், பதுங்குகுழியில் உட்கார்ந்து, இளவரசி படம் போட்ட பரிசைத் திறந்தால் வீட்டு அஞ்சறைப்பெட்டி வாசனை! மூடியில் இத்தனை நாடுகளின் பெயர் இருக்கிறதே, அந்த மசாலாவைப் பெற்றவர்களின் நாடு இருக்கிறதா என்று நான் எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். இல்லை.

இன்னொரு வெண்கலத்தையும் காட்டியே ஆக வேண்டும். 120 மில்லிமீட்டர் குறுக்களவு, சிறிய தட்டு அளவு. போரில் இறந்தவரின் வீட்டுக்கு அனுப்பிய நினைவுத்தகடு. பிரிட்டானியா தேவி மாலை ஏந்தி நிற்கிறாள், காலடியில் சிங்கம். லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன் போட்டியில் வென்று செய்த வடிவம். 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் "செத்தவன் காசு". இங்கே பெயர் விளிம்பில் ஒளிந்திருக்கவில்லை, முகத்திலேயே எழும்பி நிற்கிறது. பெயர் மட்டும்தான். எண் இல்லை, பதவி இல்லை. தளபதிக்கும் சமையற்காரனுக்கும் ஒரே தகடு. உயிரோடு இருந்தபோது உலோகத்தில் வித்தியாசம் பார்த்தவர்கள் செத்தபிறகு பார்க்கவில்லை. "அவன் இறந்தான்" என்று தொடங்கும் வாசகத்தில் "அவள்" என்று வருபவை சுமார் 600 மட்டுமே. தாதியராகவும் பணியாளராகவும் போய் இறந்த பெண்களுடையவை. அதனால் அவற்றுக்கு விலை அதிகம், அதனால் போலியும் அதிகம். அசலை வைத்து அச்செடுத்து வார்த்தால் போலி சற்றுச் சிறியதாகத்தான் வரும். ஏன் என்று சுவாமிமலை ஸ்தபதி யாரையாவது கேளுங்கள். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் என்பார்.

பெயரைப் படித்தாயிற்று. அந்த ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? 1940 செப்டம்பரில் லண்டனில் ஜெர்மானியர் போட்ட குண்டில், முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணி ஆவணங்கள் வைத்திருந்த கிடங்கு எரிந்தது. பாதிக்கு மேல் சாம்பல். மிஞ்சியவற்றை இன்றும் எரிந்த ஆவணங்கள் என்றே அழைக்கிறார்கள். ஆனால் யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்த அட்டைகள் தப்பின, அவற்றின் படப்பிரதிகள் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஆக, ஒரு பிரிட்டிஷ் சிப்பாயைப் பற்றி உலகத்தில் மிஞ்சியது ஓர் அட்டையும் ஒரு விளிம்பும் மட்டுமே என்று ஆன சந்தர்ப்பங்கள் பல உண்டு. அந்த விளிம்பைத்தான் நம் ஆள்கள் புளி போட்டுத் தேய்க்கிறார்கள்!

தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. குத்துவிளக்குக்குப் புளி நல்லது, பதக்கத்துக்கு நல்லதில்லை. பிராஸோவும் வேண்டாம், விபூதியும் வேண்டாம். ஒவ்வொரு தேய்ப்பிலும் எழுத்து கொஞ்சம் போகிறது. கறுத்திருந்தால் கறுத்தே இருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாமல் வையுங்கள். மூன்று இருந்தால் மூன்றையும் சேர்த்தே வையுங்கள், பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்காதீர்கள். நூறாண்டு கடந்த பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் இடம் தரவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் உலகப் போர்ச் சாமான்கள் அந்த வயதைத் தாண்டத் தொடங்கிவிட்டன.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இன்று வீட்டுக்குப் போனதும் பரணில் இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதக்கம் ஏதும் கிடைத்தால் காயலான் கடைக்குப் போடும் முன், விளிம்பில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். புரியாவிட்டாலும் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் யாருடையது என்று இன்றைக்கே கேளுங்கள். கையோடு ஏதாவது கொண்டுவந்திருப்பவர்கள், மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் மேசைக்கு வாருங்கள். பூதக்கண்ணாடியும் காலிபரும் வைத்திருக்கிறேன், விளக்கு அணைக்கும் வரை இருப்பேன்.